மாற்றார் நூலும் கற்றல் வேண்டும்



சொற்போர் என்றவுடன் உரத்த குரலே பலர்க்கும் நினைவில் எழும். ஆயின், மேடை ஏறுமுன் செய்யும் ஆயத்தமே அதன் உயிர். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு.

1873 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 ஆம், 28 ஆம் நாட்களில் பாணந்துறையில் பௌத்தர்க்கும் கிறித்தவர்க்குமிடையே பெரும் சமயவாதம் நிகழ்ந்தது. பௌத்தர் சார்பில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாதிட்டார். கிறித்தவர் சார்பில் முதற்கண் எழுந்தவர் டேவிட் டி சில்வா பாதிரியார். முறைவைத்து ஒவ்வோர் உரைக்கும் ஒரு மணி நேரம் வகுக்கப்பட்டது. தேரர் விவிலியத்தை நுணுகிக் கற்று, அதன் வசனங்களைக் கொண்டே வினாக்களைத் தொடுத்தார். பாதிரியாரோ பாளி மொழியில் வல்லவர். பௌத்த நூல்களையே மேற்கோள் காட்டினார். எனினும், அம்மேற்கோள்கள் திரண்டிருந்த பொதுமக்களுக்கு எளிதில் விளங்கவில்லை. தேரரின் எளிய சிங்களம் அவர்தம் நெஞ்சைத் தொட்டது. அவ்விவாதத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்த கேணல் ஒல்கொட் 1880 இல் இலங்கைக்கு வந்தார்.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. 13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பரபக்கமாக முன்வைத்து மறுத்த பின்னரே, தம் கொள்கையைச் சுபக்கமாக நிறுவினார்.

ஆதலின், விவாதத்திற்கு ஆயத்தமாகும் மாணவர் எதிர்த்தரப்பின் வலிய வாதத்தை முதலில் எழுதிப் பார்த்தல் வேண்டும். வினாக்களை அவர்தம் கூற்றிலிருந்தே அமைத்தல் வேண்டும். அவையோர்க்கு விளங்கும் மொழியிற் பேசுதல் வேண்டும். "ஆம், இதுவே என் கருத்து" என்று மாற்றானே ஒப்புமாறு அவன் கருத்தை எடுத்துரைக்க வல்லவனுக்கே அதனை மறுக்கும் உரிமை உண்டு.