தில்லியில் தோன்றிய எண்ணம், உரோமில் வளர்ந்த பணி

கோயிலை எடுப்பித்த மன்னனின் பெயரைக் கல்வெட்டு நமக்குச் சொல்கிறது. அக்கோயில் இடியாமலும் அதன் ஓவியம் உதிராமலும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் காத்தவர் யார் என்பதை வரலாறு பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. ஆக்கியோர் வரலாற்றைப் போன்றே காத்தோர் வரலாறும் எழுதப்பட வேண்டிய ஒன்றாகும். அவ்வரலாற்றின் அண்மைக்கால ஏடு ஒன்று, நாம் வாழும் இத்தலைநகரிலேயே தொடங்குகிறது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1956ஆம் ஆண்டின் இறுதியில், யுனெஸ்கோ பொதுமாநாட்டின் ஒன்பதாம் கூட்டம் புதுதில்லியில் நடைபெற்றது. இன்று நாம் நாள்தோறும் கடந்து செல்லும் விஞ்ஞான் பவன் அம்மாநாட்டை ஒட்டி எழுப்பப்பட்டதே. பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் முறைகளை ஆராயவும் கற்பிக்கவும் பன்னாட்டு மையம் ஒன்று வேண்டும் என்று அம்மாநாடு முடிவு செய்தது. 1957இல் இத்தாலிய அரசுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 1959இல் உரோம் நகரில் மையம் பணியைத் தொடங்கியது. தொடக்கத்தில் ‘உரோம் மையம்’ என வழங்கப்பெற்ற அதுவே இன்று ‘இக்ரோம்’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. 130க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன.

இத்தகைய மையத்திற்கு என்ன தேவை என்று நாம் வினவலாம். பழம்பொருளைக் காக்க அன்பு ஒன்றே போதாதா? போதாது என்பதற்கு அசந்தாவே சான்று. 1920ஆம் ஆண்டையொட்டி, அன்றைய ஐதராபாத் நிசாம் அரசு அசந்தா ஓவியங்களைக் காக்கும் பொருட்டு இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தது. உதிரும் நிலையிலிருந்த சாந்தை அவர்கள் சுவரோடு பற்றவைத்தனர். அதனால் பல ஓவியங்கள் நிலைத்தன. ஆயின் ஓவியங்களின்மீது பூசப்பட்ட அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்து, வண்ணங்களை மறைக்கலாயிற்று. அதனை நீக்கும் பணி பின்வந்த தொல்லியல் துறை வேதியியலாளர்தம் தலைமேல் விழுந்தது. அந்த வல்லுநர்களின் நோக்கில் குறையில்லை. பூசிய பொருள் ஐம்பது ஆண்டுகளில் என்னவாகும் என்ற அறிவே அன்று போதியதாக இல்லை.

உரோம் மையத்தின் முதல் இயக்குநராகிய ஆரல்டு பிளெண்டர்லீத் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். அவர் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலார். அவ்வாய்வுக்கூடம் பிறந்த கதையே ஒரு பாடமாகும். முதல் உலகப்போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி, அருங்காட்சியகப் பொருள்கள் பலவற்றை நிலத்தடி இரயில் சுரங்கத்தில் வைத்திருந்தனர். போர் முடிந்து வெளியே எடுத்தபோது இரும்பு துருப்பிடித்திருந்தது, வெண்கலம் களிம்பேறியிருந்தது, கல்லில் உப்புப் பூத்திருந்தது. பகைவரின் குண்டுக்குத் தப்பியவை, காத்து வைத்த இடத்தின் ஈரத்துக்குத் தப்பவில்லை. அதன் பின்னரே அங்கு ஆய்வுக்கூடம் அமைந்தது.

மையத்திற்கு உரோம் நகரம் வாய்த்தது பொருத்தமே. அங்கு 1939ஆம் ஆண்டிலேயே செசாரே பிராந்தி என்பாரின் தலைமையில் மீட்டமைப்புக்கென நடுவண் நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. ஓவியத்தில் அழிந்த பகுதியை முதல் ஓவியன் கை போலவே தீட்டி நிரப்புவது பொய்யுரைப்பதற்கு ஒப்பாகும் என்பது பிராந்தியின் கொள்கை. ஆகவே அழிந்த இடத்தை மெல்லிய நெடுங்கோடுகளால் நிரப்பும் முறையை அந்நிறுவனத்தார் கண்டனர். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு ஓவியம் முழுமையாகத் தோன்றும். அருகே செல்வோர்க்கு எது பழையது, எது புதியது என்பது விளங்கும். 1964இல் வெனிசு நகரில் கூடிய அறிஞர்கள் வகுத்த சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்றே விதித்தது. அச்சாசனத்தை ஆக்கிய குழுவில் பிளெண்டர்லீத்தும் இடம்பெற்றிருந்தார்.

1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துப் பிளாரன்சு நகருள் புகுந்தது. சேறும் எரியெண்ணெயும் கலந்த வெள்ளம் தேவாலயங்களையும் நூலகங்களையும் மூழ்கடித்தது. சாந்தா குரோச்சே தேவாலயத்திலிருந்த சிமாபுவேயின் சிலுவை ஓவியம் தன் வண்ணப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்தது. பல நாடுகளிலிருந்து உதவிக்கு விரைந்தோர் நனைந்த நூல்களைத் தாள் தாளாக உலர்த்தினர். பொருள் இருந்தது, ஆர்வமும் இருந்தது, பயிற்சி பெற்ற கைகளே போதவில்லை. உரோம் மையம் 1968இல் சுவரோவியப் பாதுகாப்புக்கெனத் தனிப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது.

அவ்வகுப்பில் கற்பித்தோருள் பாவுலோ மோரா, லாரா மோரா என்னும் இணையர் குறிப்பிடத்தக்கவர். எகிப்து அரசி நெபர்தாரியின் கல்லறை ஓவியங்களை 1986 முதல் 1992 வரை காத்த பணிக்குத் தலைமை தாங்கியவர்களும் அவர்களே. அப்பணியை எகிப்திய அரசுத் துறையோடு இணைந்து நடத்தியது அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனம். பாறையிலிருந்து கசிந்த உப்பு படிகமாகித் திரண்டு, ஓவியம் தாங்கிய சாந்தை வெளித்தள்ளியிருந்தது. இத்தாலியரும் எகிப்தியருமாய் அமைந்த குழு உதிர்ந்ததை ஒட்டியது; அழுக்கை நீக்கியது; முன்னையோர் செய்த தவறான பூச்சுகளை அகற்றியது. புதிதாக வண்ணம் தீட்டி எதையும் நிரப்பவில்லை.

இவ்விடத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை நாம் எண்ணாதிருக்க இயலாது. 1931இல் எசு.கே. கோவிந்தசாமி அவர்கள், கருவறையைச் சூழ்ந்த சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டுரைத்தார். மேலதைச் சுரண்டினாலன்றி அடியிலுள்ளது தெரியாது. சுரண்டினால் ஒரு காலத்தின் கலை மாயும். தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் மேற்படலத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் பதித்தனர். இரண்டு காலங்களும் பிழைத்தன. ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த எல்லாக் காலத்துப் பணிகளும் மதிக்கத்தக்கன என்று வெனிசுச் சாசனம் கூறும் நெறிக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

ஆயினும் இந்நெறி நம் ஊர்கள் எங்கும் பரவிவிட்டதெனக் கூற இயலாது. திருப்பணி என்னும் தூய பெயரால் சுண்ணாம்புக்கு அடியில் மறைந்த ஓவியங்கள் உண்டு. மணல் வீச்சால் எழுத்து மழுங்கிய கல்வெட்டுகள் உண்டு. அவற்றைச் செய்தோர் பகைவர் அல்லர், பக்தி மிக்கவரே. அசந்தாவில் அரக்குப் பூசியவரிடத்தும் அன்பில் குறையில்லையன்றோ?

உரோம் மையத்திற்குச் சொந்தமான கோயிலோ அரண்மனையோ கிடையாது. பயிற்சி பெற்றுத் தத்தம் நாடு திரும்பியோரே அதன் செல்வம். அதற்கு வித்திட்ட முடிவு தில்லியில் எடுக்கப்பட்டதென்று நாம் பெருமை கொள்வது தகும். அப்பெருமை நிலைபெற வேண்டுமாயின், திருப்பணிக்குப் பொருள் திரட்டும் ஊர்தோறும், அப்பணியை அறிந்து செய்யவல்ல ஒருவரையேனும் முதலில் பயிற்றுவித்தல் வேண்டும். பொருள் திரட்டச் சில திங்கள் போதும். கை பழகப் பல்லாண்டு வேண்டும். ஆதலின் அப்பயிற்சியை நாம் இன்றே தொடங்குதல் நன்று.