மாவுக்கட்டு பிறந்த கதை

பத்து வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து என் இடது முன்கை முறிந்தது. அரசு மருத்துவமனையில் தாழ்வாரத்தின் கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெரியவர் அலுமினியப் பேசினில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வெள்ளைச் சுருள் ஒன்றை அதில் முக்கினார். சுருளிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்தது. குமிழி அடங்கும்வரை பொறுத்திருந்து எடுத்தார். இரண்டு முனைகளையும் பிடித்து லேசாகப் பிழிந்தார். பஞ்சு சுற்றியிருந்த என் கைமேல் அதை வேகமாகச் சுற்றி, ஈர உள்ளங்கையால் தடவித் தடவி மெழுகினார். சற்று நேரத்தில் கை சுட ஆரம்பித்தது. “சுடுதா தம்பி?” என்று கேட்டார். தலையாட்டினேன். “சுட்டா நல்லது. இறுகுதுன்னு அர்த்தம்” என்றார்.

அந்தச் சூடு ஆறியபோது, காலையிலிருந்து என்னை அலற வைத்துக்கொண்டிருந்த வலியில் பெரும்பகுதி போயிருந்தது. எலும்பு ஒட்டிவிடவில்லை, அசையாமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான். முறிந்தவனுக்கு முதல் நிம்மதி அதுதான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அந்த நிம்மதியைக் கேட்டு முதலில் கதறியவர்கள் போர்க்களத்துச் சிப்பாய்கள் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மாவுக்கட்டு ராணுவ மருத்துவமனையில் பிறந்த பிள்ளை.

முறிந்த எலும்பைக் கட்டுவது உலகத்துக்குப் புதிதல்ல. நம் நாட்டு வைத்தியர்கள் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார்கள். இன்றும் கட்டுகிறார்கள். நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் லாரேயும் ஏறக்குறைய அதையேதான் செய்தார். வெள்ளைக்கரு, கற்பூரம் கரைத்த சாராயம், ஈய உப்பு ஆகியவற்றைக் கலந்து துணியை நனைத்துச் சுற்றி, வாரக்கணக்கில் பிரிக்காமல் விட்டார். 1830களில் பெல்ஜியத்து ராணுவ மருத்துவர் லூயி சுத்தான் கஞ்சிக்கு வந்தார். சலவைக்காரர் துணிக்குப் போடுகிற அதே கஞ்சிதான். கஞ்சியில் தோய்த்த துணியும் அட்டையுமாகச் சேர்த்துக் கட்டினால், காய்ந்தபின் நோயாளி எழுந்து நடமாடலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்.

ஆனால் கஞ்சி காய இரண்டு மூன்று நாள் ஆகும். வீட்டில் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அது பரவாயில்லை. களத்தில் கால் நொறுங்கிக் கிடப்பவனை அன்று மாலைக்குள் மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஏற்றியாக வேண்டும். ஈரக் கஞ்சிக்கட்டு அந்த வண்டியின் ஆட்டத்தைத் தாங்காது. புண்ணிலிருந்து சீழ் வடிந்தால், காய்ந்த கஞ்சியும் மறுபடி கரைந்து இளகிவிடும்.

தண்ணீர் பட்டால் சீக்கிரம் இறுகும் ஜிப்சப் பொடியால் எலும்பைக் கட்டலாம் என்ற விஷயம் ஐரோப்பாவின் காதுக்கு எட்டாமல் இல்லை. பஸ்ரா நகரில் ஆங்கிலத் துணைத் தூதராக இருந்த ஈட்டன் என்பவர் 1798இல் வெளியிட்ட நூலில், அரபு வைத்தியர்கள் முறிந்த காலைச் சுற்றி ஜிப்சக் குழம்பை ஊற்றி உறைய வைப்பதை எழுதினார். பெர்லினில்கூட அதைச் செய்து பார்த்தார்கள். காலைப் பெட்டிக்குள் வைத்துக் குழம்பை ஊற்றினால் கால் அசையாது, ஆளும் அசைய முடியாது. கல்லோடு கட்டிப்போட்டதுபோல் படுக்கையிலேயே கிடக்க வேண்டியதுதான். கஞ்சியில் துணி இருந்தது, உடனே இறுகும் குணம் இல்லை. ஜிப்சத்தில் இறுகும் குணம் இருந்தது, துணி இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க ஒருவர் தேவைப்பட்டார்.

அவர் அந்தோனியுஸ் மத்தெய்சன். நெதர்லாந்தின் பூடல் என்ற ஊரில் 1805இல் பிறந்தவர், ராணுவ மருத்துவர். 1851இல் ஹார்லெம் நகர ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது அவர் செய்தது, இன்று சொன்னால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். பருத்தித் துணிப்பட்டையில் உலர்ந்த ஜிப்சப் பொடியைத் தேய்த்து ஏற்றினார். அதைச் சுருட்டி வைத்துக்கொண்டார். தேவைப்படும்போது தண்ணீரில் நனைத்துச் சுற்றினார். என் கையில் அந்தப் பெரியவர் சுற்றியதும் இதேதான்.

அந்தக் கட்டு எப்படி இருக்க வேண்டும் என்று மத்தெய்சன் சில நிபந்தனைகள் வைத்திருந்தார். உடனே போட முடிய வேண்டும், சில நிமிடங்களில் இறுக வேண்டும், மருத்துவர் புண்ணைப் பார்க்க வழி இருக்க வேண்டும், உறுப்பின் வடிவத்துக்கு ஒட்டி வர வேண்டும், சீழும் ஈரமும் அதைக் கெடுக்கக் கூடாது, கனமும் விலையும் அதிகம் ஆகக் கூடாது. ஒவ்வொன்றையும் படிக்கும்போது அதன் பின்னால் ஒரு சிப்பாய் தெரிகிறான். நிமிடங்களில் இறுக வேண்டும் என்றால் வண்டி காத்திருக்கிறது என்று பொருள். புண்ணைப் பார்க்க வழி வேண்டும் என்றால், எலும்பு முறிந்தது மட்டுமல்ல, குண்டு துளைத்துத் தோலும் கிழிந்திருக்கிறது என்று பொருள். விலை குறைவாக இருக்க வேண்டும் என்றால், படுத்திருப்பவன் தளபதி அல்ல, சாதாரண ஆள். 1852இல் தன் முறையைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல அவர். நோயாளிகளுக்கு நடுவில் நின்று யோசித்தவர். அதனால்தான் இது சரியாக வந்தது என்று நான் நம்புகிறேன்.

வேதியியலும் எளிமையானதுதான். ஜிப்சக் கல்லுக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால் அதில் முக்கால் பங்கு ஆவியாகிப் பொடியாகும். பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் இந்தக் கல்லை வெட்டி எடுத்ததால் ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்று பெயர் நின்றுவிட்டது. நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து மண்ணிலும் ஜிப்சம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸும் இதுவே. பொடியில் தண்ணீர் பட்டதும் இழந்த தண்ணீரை அது திரும்பப் பிடித்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. வறுக்கும்போது உள்ளே போன சூடு அப்போது வெளியே வருகிறது. “சுட்டா நல்லது” என்று பெரியவர் சொன்னது இதைத்தான்.

மாவுக்கட்டு பெரிய களத்தைப் பார்த்தது கிரிமியாப் போரில். அங்கே அதைக் கையில் எடுத்தவர் ரஷ்ய அறுவை மருத்துவர் நிகொலாய் பிரகோவ். அவர் வழி வேறு. பீட்டர்ஸ்பர்க் சிற்பி ஒருவரின் பட்டறையில், ஜிப்சக் குழம்பில் தோய்த்த துணி எவ்வளவு சீக்கிரம் விறைக்கிறது என்று பார்த்தார். சிலைக்கு ஆவது காலுக்கும் ஆகும் என்று அவருக்குப் பட்டது. மத்தெய்சன் உலர்பொடியைத் தேய்த்தார் என்றால், இவர் முரட்டுத் துணிப்பட்டைகளை ஈரக்குழம்பில் முக்கினார். 1854 நவம்பரில், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளின் முற்றுகையில் இருந்த செவஸ்தபோல் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர் பணியாற்றிய மருத்துவமனையைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். ஊர்ப் பிரபுக்களின் மன்றக் கட்டடம் அது. நாட்டியம் ஆடிய கூடத்துத் தரையில் இப்போது வரிசையாகக் காயம்பட்டவர்கள். பீரங்கிப் படை அதிகாரியாக அங்கிருந்த இளைஞர் லியோ தல்ஸ்தோய் (டால்ஸ்டாய்) இந்தக் கூடத்தைத் தன் செவஸ்தபோல் கதையில் எழுதினார். பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிடம் மினியே துப்பாக்கி இருந்தது. அதன் மென்மையான ஈயக் குண்டு எலும்பில் பட்டால் ஓட்டை போடாது, சில்லுச் சில்லாக நொறுக்கும். அப்படி நொறுங்கிய காலுக்கு அன்று தெரிந்த வைத்தியம் வெட்டி எடுப்பதுதான். தொடையில் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. வெட்டாமல் விட்டால், சிம்ஃபெரபோல் நகர் வரை சுமார் 60 கிலோமீட்டர் சேற்றில் வண்டிப் பயணம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எலும்பின் கூர்முனைகள் சதைக்குள் உரசும். முறிந்த காலோடு குண்டும் குழியுமான சாலையில் ஆட்டோவில் போனவர்களுக்கு இதில் நூறில் ஒரு பங்கு புரியும்.

பிரகோவ் முதலில் கூட்டத்தைப் பிரித்தார். பிழைக்க வழியில்லாதவர்களைச் செவிலியரிடமும் பாதிரியாரிடமும் ஒப்படைத்தார். உடனே அறுக்க வேண்டியவர்கள், நாளை பார்க்கலாம் என்பவர்கள், சிறு காயக்காரர்கள் என்று மற்றவர்களைத் தனித்தனியே வைத்தார். போர் என்பதே காயங்களின் கொள்ளைநோய் என்று சொன்னவர் அவர். கொள்ளைநோய்க்கு ஒழுங்குதான் முதல் மருந்து என்பது அவர் கருத்து. பிறகு கட்டு. பல சமயம் காலுறையைக்கூடக் கழற்றாமல் அதன்மேலேயே ஜிப்சத் துணியை ஒட்டினார். புண் இருக்கும் இடத்தில் மட்டும் ஜன்னல்போல் வெட்டிவிட்டார். ஈரத்துணி முதலில் சில்லென்று இருக்கும், சிறிது நேரத்தில் சூடேறும், பிறகு விறைக்கும். நான்கு பேர் பிடித்துத் தூக்கினாலும் கத்தியவனை இப்போது இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைக்கலாம். நேற்றுவரை வெட்டுக்கு என்று எழுதியிருந்த கால்களில் பலவற்றைக் காப்பாற்ற முடிந்தது.

கட்டு மட்டுமே காப்பாற்றியது என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். எலேனா பாவ்லவ்னா இளவரசி ஏற்படுத்திய சகோதரிகள் குழு அங்கே இருந்தது. கட்டுப் பிரித்தவர்கள், தண்ணீர் கொடுத்தவர்கள், சாகிறவனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கும் முன்னால், இருந்ததையெல்லாம் விற்று வண்டியும் குதிரையும் வாங்கி அல்மா போர்க்களத்துக்குப் போய்க் காயம் கழுவிய தாஷா என்ற ஏழைப் பெண்ணும் இருந்தாள். இந்தக் கதையில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு.

புண்ணை அழுக வைப்பது கிருமி என்பது அன்று நிறுவப்படவில்லை. கட்டு சரியாக இருந்தும் புண் அழுகி இறந்தவர்கள் ஏராளம். கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமில முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டது 1867இல். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்தவர்களுக்குக் கைகொடுத்தது மாவுக்கட்டு அல்ல, தாமஸ் ஸ்பிளின்ட் என்ற இரும்புச் சட்டம்.

மாவுக்கட்டின் அடுத்த பெரிய அத்தியாயம் ஸ்பெயின் உள்நாட்டுப் போர். பார்சிலோனாவில் ஜோசப் த்ருவேட்டா என்ற மருத்துவர், கெட்ட சதையை முழுவதும் வெட்டி நீக்கி, புண்ணைத் தைக்காமல் துணி வைத்து அடைத்து, மேலே ஜிப்சக் கட்டைப் போட்டு வாரக்கணக்கில் திறக்காமல் விட்டார். அமெரிக்க ராணுவ மருத்துவர் வின்னட் ஓர் என்பவர் முன்பே காட்டிய வழி அது. உள்ளே சீழ் ஊறி நாற்றம் குடலைப் பிடுங்கும். பக்கத்துப் படுக்கைக்காரனும் தாங்கமாட்டான். ஆனால் 1,073 பேருக்கு இப்படிச் சிகிச்சை அளித்ததில் இறந்தவர்கள் 6 பேர் என்று த்ருவேட்டா கணக்குக் கொடுத்தார். பெனிசிலின் வருவதற்கு முந்தைய கணக்கு அது. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு படுத்திருந்த அந்தக் காயம்பட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இன்று போர்முனை மருத்துவர்கள் புதுக்காயத்தை அப்படி மூடுவதில்லை. வீக்கம் வரும்போது சுற்றிலும் கல்லாக நிற்கும் கட்டே இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பதில் எலும்பில் கம்பி செருகி வெளியே சட்டம் பொருத்துகிறார்கள். ஊரிலும் ஃபைபர் கட்டு வந்துவிட்டது. ஆனாலும் அரசு மருத்துவமனையின் கடைசி அறையில் பேசினும் வெள்ளைச் சுருளும் இருக்கத்தான் செய்கின்றன. விலை குறைவாக இருக்க வேண்டும் என்று மத்தெய்சன் கேட்டது வீண்போகவில்லை.

மாவுக்கட்டுப் போட்டவர்களிடம் ஒரு வார்த்தை. விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாரித்தாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், இரவே மருத்துவமனைக்கு ஓடுங்கள். போடாதவர்களுக்கும் ஒன்று உண்டு. சாலையில் கால் முறிந்து கிடப்பவரைப் பார்த்தால் பதற்றத்தில் நாலு பேர் சேர்ந்து தூக்கி ஆட்டோவுக்குள் திணிக்காதீர்கள். 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை அந்தக் காலை அசையாமல் பிடித்துக்கொண்டிருங்கள்.