கைப்பிடியிலிருந்து பொத்தான் வரை

வீட்டினுள் நின்றவாறே பொத்தானை அழுத்தி, வாசலில் நிற்கும் பிக்-அப் வண்டியின் எஞ்சினை உயிர்ப்பிக்கும் கருவி வட அமெரிக்காவில் மிகப் பரவலானது. கனடாவின் சமவெளி மாநிலங்களில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகையைத் தொடுவதுண்டு. எண்ணெய் கெட்டிப்படும், கண்ணாடியில் பனி உறையும். ஆகவே வண்டி வாங்கிய பின்னர், அலாரத்தோடு சேர்த்துத் தொலை இயக்கியையும் கடையில் பொருத்திக்கொள்கின்றனர். அந்தச் சிறு பொத்தானுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அதில் முறிந்த கை எலும்புகளும் உண்டு.

தொடக்க கால மகிழுந்துகள் பலவற்றை, முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே இயக்கினர். தீப்பொறி உரிய கணத்திற்கு முன்பே விழுந்துவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். மணிக்கட்டருகே ஆரை எலும்பில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு மருத்துவத்தில் ‘ஓட்டுநர் முறிவு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கார்ட்டர்கார் நிறுவனத்தைத் தோற்றுவித்த பைரன் கார்ட்டர் 1908இல் காலமானார். வழியில் நின்றுபோன கெடிலாக் வண்டிக்கு உதவப்போய்க் கைப்பிடி தாக்கியதே காரணம் என்றும், அதனால் மனம் நொந்த கெடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் மாற்றுவழி தேடினார் என்றும் கூறுவர். விவரங்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. மாணவர்க்குச் சொல்லும்போது கதையென்றே சொல்லுதல் நன்று.

மாற்றுவழியைக் கண்டவர் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரின் சார்ல்ஸ் கெட்டரிங். கடைகளின் பணப்பதிவுப் பொறிக்கு மின்மோட்டார் அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. எஞ்சினைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டுமென்றே அதுகாறும் எண்ணியிருந்தனர். சில நொடிகள் மட்டுமே உழைக்கும் மோட்டார், தன் இயல்பான அளவை மீறிய சுமையையும் அந்நேரம் தாங்கும் என்பதைக் கெட்டரிங் பயன்படுத்திக்கொண்டார். 1912ஆம் ஆண்டுக் கெடிலாக் வண்டிகளில் அக்கருவி இடம்பெற்றது. எளிதாக இயங்குவதால் மகளிருக்கு ஏற்றவை என விளம்பரப்படுத்தப்பட்ட அக்கால மின்வண்டிகள் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். சாவியைத் திருப்பியே எஞ்சினை இயக்கும் முறையைக் கிரைஸ்லர் 1949இல் கொண்டுவந்தது.

இயக்குவது எளிதானபோது திருடுவதும் எளிதாயிற்று. சாவியினுள் ஒரு சில்லைப் பதித்து, அதன் குறியீட்டை வண்டி அறிந்தால் மட்டுமே எஞ்சின் இயங்கும் பூட்டு பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய மகிழுந்துகளுக்கும், கனடா 2007 செப்டம்பர் முதல் புதிய சிறு வண்டிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கின.

இங்கேதான் சிக்கல். தொலைவிலிருந்து இயக்கும்போது சாவி வண்டியில் இல்லை. பூட்டோ சாவியைக் கேட்கிறது. ஆகவே பொருத்துநர்கள் மாற்றுச் சாவியொன்றைச் சிறு பெட்டியில் இட்டு, முகப்புப் பலகையின் உட்புறம் மறைத்து வைத்தனர். தொலை இயக்கி ஆணையிடும்போது மட்டுமே பூட்டு அதைக் காணும் என்பது உண்மைதான். ஆயினும் திருடனைத் தடுக்கப் பிறந்த சாவி திருடன் புகும் இடத்திலேயே கிடக்கிறது! குறியீட்டை மின்வழியே அளிக்கும் கருவிகள் வந்தபின் இத்தேவை குறைந்தது.

கையால் பல்சக்கரம் மாற்றும் வண்டியெனில் அச்சம் பெரிது. கியரில் நிறுத்திய வண்டியை இயக்கினால் அது முன்னே பாயும். அவ்வேளை முன்னால் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கலாம். எனவேதான் பல கருவிகள் தானியங்கி வண்டிகளுக்கு மட்டுமே உரியவை. கியர் நடுநிலையில் உள்ளதா என்று காட்டும் கம்பி, மூடி திறந்திருந்தால் எஞ்சினை இயங்கவிடாத விசை, சாவியின்றித் தடைமிதியை அழுத்தினால் எஞ்சினை அணைக்கும் இணைப்பு ஆகிய மூன்றையும் பொருத்தினாரா என்று பெற்றோர் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். மூடி விசையை வீண் வேலையெனத் தவிர்ப்போர் உளர். எஞ்சினுள் கைவிட்டிருப்பவரின் விரலைக் காப்பது அதுவே.

நம் வட்டாரத்தில் குளிரைப் போக்க அன்று, குளிரூட்டியை முன்னதாக ஓட்டவே இக்கருவியை நாடுகின்றனர். மூடிய கொட்டகையில் அவ்வாறு ஓடவிட்டால் நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டினுள் பரவி உயிரைக் குடிக்கும். வெளியில் நிறுத்தி ஓடவிட்டாலும், சிங்கப்பூரில் காரணமின்றி நின்ற வண்டியின் எஞ்சினை ஓடவிடுதல் சட்டப்படி குற்றம்.