பரமார்த்த குருவின் பட்டியல்

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேச வரும் பிரசங்கியார் பெரும்பாலும் நம்மை எரேமியாவின் குயவன் வீட்டுக்குத்தான் கூட்டிப்போவார். நீ களிமண், அவர் குயவன், சும்மா இரு. விருத்தாசலத்தில் இந்த உவமை கொஞ்சம் இடிக்கிறது. இது பீங்கான் ஊர். ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற தொழிற்பேட்டையில் அச்சுதான் ராஜா. களிமண் கூழை அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்து மண் கெட்டியாகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நூறு பொம்மைக்கும் ஒரே மூஞ்சி. எரேமியா பார்த்தது இதுவல்ல. அங்கே சக்கரத்தில் வனைந்த கலம் கையிலேயே கெட்டுப்போகிறது. குயவன் அதே மண்ணை வேறொரு கலமாக வனைகிறான். மண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு வழக்கே நடக்கிறது. தேவனுக்குக் கீழ்ப்படிவது என்றால் எது? அச்சா, சக்கரமா?

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவரின் கோயில் இதே வட்டாரத்தில், கோணான்குப்பத்தில் இருக்கிறது. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். கோணான்குப்பத்து மாதாவுக்கும் அதே பெயர்தான். வைத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். இத்தாலியில் 1680-இல் பிறந்த பெஸ்கி, 1698-இல் சேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவாவில் இறங்கியவர்.

சேசு சபையின் வாக்குறுதிகளில் கீழ்ப்படிதல் சாதாரணமானதல்ல. மேலாளர் கையில் பிணம்போல, கிழவர் கையில் ஊன்றுகோல்போல இருக்க வேண்டும் என்பது சபையை நிறுவிய இக்னேஷியஸ் போட்ட சட்டம். ஆனால் இன்னொன்றையும் அவரே எழுதிவைத்தார்: ஆணையில் சங்கடம் இருந்தால் ஜெபித்துவிட்டு மேலாளரிடம் எடுத்துச் சொல்லலாம். பிணம் வாய் திறந்து பேசலாம் என்று அர்த்தம்! மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பெஸ்கி தன் பெரிய காப்பியத்துக்கு நாயகனாக எடுத்துக்கொண்டது சூசையப்பரை. 'தேம்பாவணி', 36 படலம், 3615 பாட்டு. நற்செய்தி நூல்களில் சூசைக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், செய்கிறார். மரியாளை ஏற்றுக்கொள் என்றால் ஏற்கிறார். எகிப்துக்குப் போ என்றால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்புகிறார். எந்த வழியாகப் போவது, அங்கே எப்படிப் பிழைப்பது என்று தேவதூதன் சொன்னதாக மத்தேயு எழுதவில்லை. அதெல்லாம் அந்தத் தச்சன் பாடு. காப்பியத்தில் வாய்பேசாதவனை நாயகனாக்க முடியாது என்பதால் பெஸ்கி அவரை நிறையவே பேச வைத்துவிட்டார். எனக்கென்னவோ மத்தேயுவின் ஊமைச் சூசைதான் கனமாகத் தெரிகிறார்.

அதே கைதான் 'பரமார்த்த குரு கதை'யையும் எழுதியது. நொண்டிக் குதிரையில் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது. சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்று திட்டினால், குதிரைச் சாணத்தை ஏந்தி வருகிறார்கள். குரு வெறுத்துப்போய் எடுக்க வேண்டியவற்றை ஓலையில் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். கடைசியில் அவரே பள்ளத்தில் விழுகிறார். வேட்டி, தலைப்பாகை எல்லாவற்றையும் பட்டியல்படி உருவிக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கெஞ்சியும் பலனில்லை. அவரையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பிறகுதான் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் இதற்குச் சிரித்தோம். கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்த ஒரு சந்நியாசி இதை எழுதினார் என்று நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

ஏனென்றால் அவர் காலத்துத் திருச்சபையிலேயே ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. 1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார்: ஞானஸ்நானத்தில் எச்சில் தொட்டு வைக்கும் சடங்கை விடக் கூடாது, சாகக் கிடக்கும் பறையர் கிறிஸ்தவரின் குடிசைக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டும், இப்படி இன்னும் பல. மதுரை மிஷன் சாமியார்கள் நாற்பது வருஷம் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்த ஊர் உங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் வாதம். எச்சில் விஷயத்தில் அது நியாயம்தான். எச்சிலைத் தொட்டு வைத்தால் எந்தத் தமிழனுக்கும் குமட்டும். ஆனால் குடிசைக்கும் அதே வாதத்தைத்தான் சொன்னார்கள். தாழ்ந்தவர் வீட்டுக்குள் போனால் மேல்சாதியார் நம்மிடம் வரமாட்டார்கள் என்றார்கள். முதலாவதில் ரோமாபுரிக்கு ஊர் தெரியவில்லை. இரண்டாவதில் ஊர் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் குனிய மனம் வரவில்லை. இரண்டுக்கும் அவர்கள் வைத்த பெயர் விவேகம்.

1739-இல் போப் சத்தியம் வாங்கச் சொன்னார். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக எழுதினார். சேசு சபையார் அடிபணிந்தார்கள். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள்: பறையர்களுக்கு மட்டும் தனிச் சாமியார்களை ஒதுக்கிவிடுகிறோம். போப்பும் சம்மதித்தார். ஆணைப்படி குடிசைக்குள் சாமியார் போனார். மற்றவர்கள் முன்போலவே வெளியே நின்றுகொண்டார்கள்.