ஆடவர் நாணமும் மருத்துவமும்

நாணம் என்றதும் அதனைப் பெண்டிர்க்கே உரிய பண்பாகக் கருதுவது நம் வழக்கம். அச்சம், நாணம், மடம் ஆகியவற்றைப் பெண்பாலார்க்கும், பெருமை, உரம் ஆகியவற்றை ஆண்பாலார்க்கும் தொல்காப்பியர் வகுத்துக் கூறியதை நாம் வகுப்புதோறும் கற்பித்து வருகின்றோம். ஆனால், வள்ளுவர் நட்பின் விரைவுக்கு உவமை தேடியபோது எதனை எடுத்துக்கொண்டார்? ஆடை நழுவுங்கால் அதனைப் பற்ற ஓடும் கையை அன்றோ! அந்தக் கை ஓர் ஆடவனின் கை. மடலேறத் துணிந்த தலைவனும், நாணமும் ஆண்மையும் முன்பு தன்னிடம் ஒருங்கே இருந்தன என்று சொல்லியே வருந்துகின்றான். ஆகவே, ஆண்மைக்கு நாணம் பகையன்று.

அந்தக் கை ஆடையை விட்டுத்தான் ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மருத்துவர் முன்னிலை. அங்கே ஆடவனின் நாணம் எவ்வாறு நடத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெண்களின் நாணத்துக்கு மருத்துவ வரலாற்றில் தனி இடம் கிடைத்தது. 1816-இல் பாரிசில் லென்னெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசித் தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்தில் தொங்கும் இதயத்துடிப்புமானி அந்தக் கூச்சத்தின் குழந்தையே. சென்னையில் 1875-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் அம்மையாரின் முயற்சியால், அந்நிய ஆடவர் முன் வாராத பெண்களுக்கென்றே 1885-இல் ஒரு மருத்துவமனை தோன்றியது. திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று மக்கள் அழைத்தது அதனையே. ஆண் மருத்துவரை ஏற்க மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர், தாமே மருத்துவராகி 1900-இல் வேலூரில் பணி தொடங்கியதையும் நாம் அறிவோம். நாணத்தை மதித்ததால் மருத்துவம் குன்றவில்லை, வளர்ந்தது.

ஆடவர் நிலை வேறு. 1854-இல் கிரைமியப் போரில் புண்பட்ட வீரர்களுக்குப் பணிபுரிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பெண்களை அழைத்துச் சென்றார். 1860-இல் இலண்டனில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியபின், நோயாளரைப் பேணும் தொழில் பெரும்பாலும் பெண்கள் தொழிலாயிற்று. அதனால் உயிர்கள் பிழைத்தன, அதில் ஐயமில்லை. ஆயினும், தாயும் மனைவியும் அல்லாத ஒரு பெண் தன்னைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது ஆடவன் மனம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தவர் சிலரே. மலேசியத் தமிழில் நாம் வழங்கும் ‘தாதி’ என்னும் சொல்லே பெண்பாற் சொல். அப்பணிக்கு ஓர் ஆடவர் வந்தால் ‘ஆண் தாதி’ என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் கதை இன்னும் கடினமானது. மலாயாவுக்கு ஆள்கட்டப்பட்டவர்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டனர்; அம்மை குத்தப்பட்டனர். கடல் கடந்தபின் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் தடுத்து வைக்கப்பட்டு மறுபடியும் சோதிக்கப்பட்டனர். 1938-இல் தொழிலாளர் வருகை நிறுத்தப்படும் வரை இந்த முறை நீடித்தது. கொள்ளைநோய் பரவாமல் தடுக்க அது தேவைதான். ஆனால், வேலைக்குத் தகுதி உண்டா, இல்லையா என்பது ஒன்றே அங்கே எழுந்த கேள்வி. வெயிலில் கோவணத்தோடு உழைப்பவனுக்கு நாணம் ஏது என்று எண்ணிவிட்டார்கள் போலும். கோவணம் கட்டியவன் அந்த ஒரு முழத் துணியை எத்துணை இறுகக் கட்டுகின்றான் என்பதை அவர்கள் நோக்கவில்லை!

இந்த நாணம் மறைத்து வைத்த நோய்களுள் முதன்மையானது விரைவீக்கம். கும்பகோணம், தஞ்சைப் பகுதிகளில் நெடுங்காலம் வாட்டிய யானைக்கால் நோயின் மறுமுகம் அது. நோயாளரின் இரத்தத்தில் நுண்புழு இருப்பதை 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் கண்டார். கொசுவின் உடலில் அது வளர்வதை 1877-இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் மேன்சன் கண்டார். தமிழகத்தில் பரவிய புழு காலை மட்டுமன்றி ஆடவரின் மறைவுறுப்பையும் தாக்கும். மலாயாவில் பெரிதும் காணப்பட்ட, 1927-இல் புரூக் என்பார் விவரித்த புழுவோ முழங்காலுக்குக் கீழேயே வீக்கம் தரும். வீங்கிய காலை உலகம் பார்த்தது, இரங்கியது. வேட்டிக்குள் இருந்த வீக்கத்தை யாரும் பார்க்கவில்லை. யானைக்கால் புழுவால் கைகால் வீங்கியோர் உலகில் ஒன்றரைக் கோடி என்றும், விரைவீக்கம் உற்ற ஆடவர் இரண்டரைக் கோடி என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மறைந்திருந்ததே பெரிது! சிறிய அறுவை சிகிச்சையால் தீரக்கூடிய இந்நோயைப் பலர் ஆயுள் முழுதும் சுமந்தனர். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்தது என்று 2016-இல் அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது.

விரைவீக்கம் முதுமையிலும் பிற காரணங்களாலும் வரும். சில ஆண்டுகளுக்கு முன், மாசாய் வட்டாரத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர் மாலைப்பொழுதில் என்னிடம் வந்தார். “வாத்தியாரையா, மலாயில ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. டாக்டரம்மாகிட்ட நீட்டிடறேன்” என்றார். மலாய் அறியாதவர் அல்லர். ஆனால், சந்தையில் கற்ற மலாயில் இதற்குச் சொல் இல்லை. மொழிபெயர்க்க உடன் சென்றவரோ மருமகள். அவர் எதிரில் வாய் திறக்க மாட்டாமல், “முட்டி வலிக்குது” என்று சொல்லி மூன்று முறை முட்டிக்குத் தைலம் வாங்கி வந்திருக்கிறார்!

தாளை எடுத்த நானும் தயங்கினேன். முதலில் தமிழில் இதனை எப்படிச் சொல்வது? என் தயக்கத்தைக் கண்ட அவர் மெல்லச் சொன்னார்: “எங்கப்பா காலத்துல இதை ஓதம்னு சொல்வாங்க.” பயிற்சி பெற்ற ஆசிரியனுக்குத் தோன்றாத சொல் மரம் வெட்டியவர் நாவில் இருந்தது. ஓதம் என்றால் ஈரம், வெள்ளம், கடல். நீர் கோத்த வீக்கத்துக்கும் அதுவே பெயர். எத்துணைப் பொருத்தமான, நாகரிகமான சொல்! மலாயில் ‘பூருட்’ என்பதை அகராதியில் தேடி எழுதிக் கொடுத்தேன். மருத்துவமனையில் திரையை இழுத்துவிட்டு, மருமகளை வெளியே அமரச் செய்து, ஆண் மருத்துவ உதவி அதிகாரி ஒருவரை அழைத்திருக்கிறார்கள். அந்நாள் தோட்டத்து டிரஸ்ஸரின் வழிவந்தவர் அவர். அடுத்த சில வாரங்களில் நோய் தீர்ந்தது. தேவைப்பட்டவை ஒரு திரையும் ஒரு சொல்லும்.

திரையை மருத்துவமனை தரும். சொல்லைத் தரவேண்டியவர் யார்? 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் இதற்கு விடை தந்தார். தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ 1867-இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இலும் அவர் முயற்சியால் வெளிவந்தன. உடற்கூற்று நூல் எழுதுபவர் எந்த உறுப்பையும் ‘அது’ என்றும் ‘அந்த இடம்’ என்றும் சொல்லிக் கடந்துபோக முடியாது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வேண்டும். பிற நாட்டவர் ஒருவர் நம் மொழியில் கூசாமல் செய்த பணியை, நாம் நம் வகுப்பறையில் கூசிக் கைவிட்டோம். உடலியல் பாடத்தில் வயிற்றோடு நிறுத்திக்கொண்டோம். அவ்வுறுப்புகளின் பெயர்கள் வசைச்சொற்களாகத் தெருவில் மட்டும் வாழ்கின்றன. வசையாக மட்டுமே அறிந்த சொல்லை ஒருவர் மருத்துவரிடம் எப்படிச் சொல்வார்?

நாணத்தை விட்டொழியுங்கள் என்று முதியவர்களுக்கு அறிவுரை கூறுவது எளிது. அது பயனற்றது, முறையும் அன்று. ஆடையைப் பற்ற ஓடும் கை நற்பண்பின் கை. மருத்துவர் அதனை அதட்டி விலக்காமல், இன்னது செய்யப் போகிறேன் என்று சொல்லி இசைவு பெறட்டும். ஆண் பணியாளர் வேண்டும் என்று கேட்பதை ஆடவரும் இழிவாகக் கருதாதிருக்கட்டும். தமிழாசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஓதம், விரை, குடலிறக்கம், நீர்த்தாரை போன்ற நல்ல சொற்களை நம் மாணவர் நகையாமல் கேட்கவும் நாணாமல் சொல்லவும் பழக்குவோம். இன்றைய சிறுவன் நாளை தன் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வான். அப்போது அந்தத் தந்தை முட்டிவலி என்று சொல்லித் திரும்ப வேண்டியிராது.