பதினாறு அணா ரூபாயும் ஒன்பது அணா வெள்ளியும்

'ரூபாய்' என்ற சொல்லே வெள்ளியில் பிறந்தது. வடமொழியில் 'ரூப்ய' என்றால் உருவம் பதித்த வெள்ளி. டில்லியை ஆண்ட ஷேர்ஷா (1540–1545) சுமார் 178 கிரெயின் எடையில் அடித்த வெள்ளிக்காசுக்கு 'ரூபியா' என்று பெயர். தங்க வராகன் புழங்கிய நம் பக்கத்தில், சென்னை மாகாண அரசு 1818-இல்தான் வெள்ளி ரூபாயை அடிப்படை நாணயமாக்கிற்று. வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு. அன்று நாணயம் அடித்த சாலையின் நினைவாகத்தான் சென்னையில் இன்றும் 'தங்கசாலைத் தெரு' இருக்கிறது.

மும்பையில் தனதிரயோதசி வந்தால் ஜவேரி பஜார் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. நம்மவர்களும் அட்சய திருதியையோடு இதையும் சேர்த்துக்கொண்டுவிட்டோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்கத்துக்கு வரும் இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு: "சார், மாசாமாசம் ஒரு வெள்ளிக்காசு வாங்கிப் போட்டா, இருபது முப்பது வருஷம் கழிச்சு விலைவாசிக்கு ஈடு கொடுக்குமா?" நல்ல கேள்வி. இதற்கான விடை நம் நாட்டு ரூபாயின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு, 10.69 கிராம், சுத்த வெள்ளி. எடை அவ்வளவு துல்லியமாக இருந்ததால் காசே எடைக்கல்லும் ஆயிற்று. நாட்டு மருந்துச் செய்முறைகளில் 'ரூபாய் எடை' என்று வருவது இந்தக் காசின் எடைதான்.

அன்றைய ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய், சிறு கூலி கொடுத்து, ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். ஆகவே வீட்டிலிருந்த கொலுசும் தண்டையும் ஏறத்தாழ ரொக்கத்துக்குச் சமம். ஏழைக் குடியானவனுக்கு அதுவே வங்கி.

இந்த நிலை 1870-களில் ஆட்டம் கண்டது. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி கொட்டியது. லண்டனில் அவுன்ஸ் 60 பென்ஸ் அளவில் இருந்த வெள்ளி, 1892-இல் 40 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. அதனோடு கட்டுண்ட ரூபாயும் 2 ஷில்லிங்கிலிருந்து 1 ஷில்லிங் 3 பென்ஸுக்குச் சரிந்தது. லண்டனுக்குப் பவுனில் பணம் கட்டவேண்டிய அரசு தவித்தது. ஹெர்ஷல் குழுவின் பரிந்துரைப்படி, 1893 ஜூனில் நாணயச்சாலைகளின் கதவு பொதுமக்களின் வெள்ளிக்கு அடைக்கப்பட்டது.

அன்றிலிருந்து ரூபாய் வேறு, வெள்ளி வேறு. ரூபாயின் மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. ஆனால் 1902-இல் அதற்குள் இருந்த வெள்ளியின் விலையோ சுமார் 9 பென்ஸ்தான். அணாக் கணக்கில் சொன்னால், பதினாறு அணா ரூபாய்க்குள் ஒன்பது அணா வெள்ளி! கையில் காசாக வைத்திருந்தவனுக்கு நஷ்டமில்லை. அரசு முத்திரை அவனைக் காப்பாற்றியது. கொலுசாக வைத்திருந்தவன்தான் அடிபட்டான். 1896–97, 1899–1900 பஞ்சங்களில் வயிற்றுப்பாட்டுக்காக நகையை விற்கப் போனவன் கையில் கிடைத்தது பழைய மதிப்பில் பாதியை ஒட்டித்தான். டாக்டர் அம்பேத்கர் 1923-இல் லண்டனில் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' என்ற ஆங்கில நூல் இந்த நாணயக் குழப்பங்களைத்தான் ஆராய்கிறது.

பிறகு சக்கரம் மறுபுறம் சுழன்றது. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறி, 1917-இல் அவுன்ஸ் 43 பென்ஸைத் தாண்டியது. அந்த விலைக்கு மேல் போனால் ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம்! அரசு காசை உருக்கத் தடை விதித்தது. ஒரு ரூபாய்த் தாளை அச்சிட்டது. 1918-இல் அமெரிக்காவிலிருந்து சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியைத் தருவித்தது. இரண்டாம் போரில் இன்னும் ஒரு படி. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1941 முதல் 1943-க்குள் பழைய வெள்ளி ரூபாய்கள் படிப்படியாகச் செல்லாதவை ஆயின. 1947-இல் ரூபாய் வெறும் நிக்கல் ஆகிவிட்டது.

கும்பகோணத்தில் என் பாட்டி அந்தக் காசுகளில் சிலவற்றை மாற்றாமல் அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். "காகிதத்தைக் கரையான் தின்னும், ராணித்தலையைத் தின்னுமாடா?" என்பாள். அவள் கணக்கை நம் கணக்கில் பார்ப்போம். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிச் சென்றது. ஒரு லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும், 10.69 கிராம் வெள்ளிக்கு 1,069 ரூபாய். 1943-இல் மாற்றி வாங்கிய தாளைப் பெட்டியில் வைத்திருந்தால் அது இன்றும் ஒரு ரூபாய்தான். 82 ஆண்டில் இந்த வளர்ச்சி, வருஷத்துக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு கூட்டுவட்டிக்குச் சமம்.

இதைக் கேட்டதும் கடைக்கு ஓட வேண்டாம். 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்தபோது அவுன்ஸ் 50 டாலரை எட்டியது. மார்ச் 27-இல் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. அந்த உச்சத்தைத் தெளிவாகத் தாண்ட 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அமெரிக்க விலைவாசி ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது. அதாவது உச்சத்தில் வாங்கியவனுக்கு 45 ஆண்டு கழித்தும் முதலில் முக்கால் பங்கு போச்சு! நமக்கு அவ்வளவு அடி தெரியாததற்குக் காரணம், 1980-இல் டாலருக்கு 8 ரூபாய் அளவில் இருந்தது 2025-இல் 85-ஐத் தாண்டியதுதான். வெள்ளி ஏறியது பாதிக் கதை. ரூபாய் இறங்கியது மீதிக் கதை.

ஆகவே இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய வெள்ளி ரூபாய்க்கு இரண்டு கால்கள். ஒன்று அரசு முத்திரை, மற்றது உலோகம். வெள்ளி விழுந்தபோது முத்திரை தாங்கிற்று; தாள் பெருகியபோது வெள்ளி தாங்கிற்று. இன்று கடையில் வாங்கும் லட்சுமி படம் போட்ட 999 காசுக்கு ஒரே கால்தான். அது நாணயமல்ல, காசு வடிவில் இருக்கும் உலோகம். வாங்கும்போதே 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் செய்கூலியும் போகும். விற்கும்போது அவை திரும்பி வரா.

ஒற்றைக் காலில் நிற்பதற்கு ஊன்றுகோல் வேண்டும். அந்த ஊன்றுகோல் பொறுமை. 1900-இல் வெள்ளியை விற்றவன் அது மட்டமென்று விற்கவில்லை. அடுப்பெரிய வேறு வழி இல்லாமல் விற்றான். எனவே ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் முதலில் ரொக்கம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதில் சிறு பங்கை, எடையும் முத்திரையும் பார்த்து, ரசீதோடு வெள்ளியாக வாங்கி வையுங்கள். உங்களுக்கு விற்க நேராவிட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அது பலன் தரும்.