ஓவியம் நீங்கிய கூடத்தில் இசை: லண்டன் நண்பகல் கச்சேரிகளும் அவற்றின் பதிவுகளும்

இரண்டாம் உலகப் போர் மூளும் தறுவாயில், லண்டன் தேசியக் கலைக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாப்புக் கருதி நகருக்கு வெளியே அனுப்பப்பட்டன. போர் அறிவிப்புடன் இசையரங்குகளும் நாடக அரங்குகளும் மூடப்பட்டன. வெறுமையான அந்தக் கூடத்தில் நண்பகல் கச்சேரிகள் நடத்தும் எண்ணத்துடன் பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அணுகியபோது, இயக்குநர் கென்னத் கிளார்க் உடன்பட்டார். 1939 அக்டோபர் 10 அன்று நடந்த முதல் கச்சேரியில் ஹெஸ் தாமே வாசித்தார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். குண்டுவீச்சுக் காலத்தில் கச்சேரிகள் நிலவறைக்கு மாறினவேயன்றி நிற்கவில்லை. 1946 ஏப்ரல் 10 வரை 1,698 கச்சேரிகள் நிகழ்ந்தன. கேட்டோர் தொகை 8,24,152.

இவ்வளவு துல்லியமான எண்கள் கிடைப்பது தற்செயலன்று. வருவாய் இசைக்கலைஞர் நல நிதிக்கு உரியதாதலின் கணக்கு பேணப்படவேண்டியதாயிற்று எனக் கொள்ளலாம். ஒலியின் நிலை வேறு. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடமே கொள்ளும். ஒரு மணிநேரக் கச்சேரிக்குப் பதினைந்து பக்கங்கள் வேண்டும். நாள்தோறும் நிகழ்வதை அவ்வாறு பதிய எவரும் முனைந்திருக்க இயலாது.

ஆகவே இன்று பரவலாக அறியப்படும் கச்சேரிக் காட்சிகள் ஹம்ப்ரி ஜென்னிங்ஸின் திரைப்படங்கள் வழி வந்தவை. ஸ்டூவர்ட் மெக்அலிஸ்டருடன் அவர் உருவாக்கிய ‘லிசன் டு பிரிட்டன்’ (1942) படத்தில் ஹெஸ், விமானப்படை இசைக்குழுவினருடன் மோட்சார்ட்டின் இசையை வாசிக்கிறார். அவையில் அரசியார் அமர்ந்திருக்கிறார். அரசியார் வந்த நாள் அன்றாட நாளன்று. எனினும் ஆறாண்டுக் காலத் தொடருக்கு அந்தச் சில நிமிடங்களே முகமாகிவிட்டன. அரசுப் பரப்புரைக்கென எடுக்கப்பட்ட படத்தை நிகழ்வின் நேரடிப் பதிவாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வுக்கு உகந்ததன்று.

‘எ டைரி ஃபார் திமோதி’ (1945) இதனை மேலும் தெளிவாக்குகிறது. அதில் ஹெஸ் பீத்தோவனின் ‘அப்பாஸியோனாட்டா’வை வாசிக்கிறார். ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய வருணனை, இது ஜெர்மானிய இசை, நாம் போரிடுவதும் ஜெர்மானியரோடுதான் என்னும் முரணைப் பச்சிளங்குழந்தையான திமோதிக்குச் சுட்டுகிறது. நிகழ்ச்சித் தாள்களில் இத்தகைய குறிப்புரைக்கு இடமில்லை. பாக், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் ஆகியோரின் பெயர்கள் அங்கு வாரந்தோறும் வெறும் பெயர்களாகவே வருகின்றன. எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதைத் தாள் சொல்லாது. விளக்கமின்றியே அந்த இசை நாள்தோறும் ஏற்கப்பட்டது என்பதைத் திரைப்படம் சொல்லாது.